கேரட்டுக்குப் பதினான்காவது கோடு

"துப்பாத செல்லம், முழுங்கிடு... எங்க, அம்மாவுக்காக ஒரே ஒரு வாய்!"

வாண்டு துப்பியது. துப்பியதோடு விட்டதா? அதை இரண்டு கையாலும் மேசை மேல் நன்றாகப் பூசியும் வைத்தது. வயது இரண்டரைதான், பிடிவாதம் இருபத்தைந்துக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் உள்ளே நுழைந்தாள். எட்டு மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் வராததுமாகக் குழந்தை வீறிட்டு அழுதால் எந்த அத்தைக்குத்தான் பொறுக்கும்?

"ஏம்மா, பச்சைப் பிள்ளையைப் போட்டு இந்தப் பாடு படுத்தறே?"

"கேரட் அண்ணி. பதிமூணு தடவை கொடுத்துப் பாத்தாச்சு, இறங்க மாட்டேங்குது."

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கேரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, பூசணி, முட்டை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் பென்சில் கோடுகள். பூசணியும் முட்டையும் வாண்டுக்குப் பழகிவிட்டன போலிருக்கிறது, அவற்றைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"ஒரு காயைப் பத்துப் பதினஞ்சு தடவை சலிக்காம கொடுத்தா குழந்தைக்குப் பழகிடுமாம். நர்ஸ் சொன்னாங்க. இந்த மாசத்துக்குள்ள எல்லாத்தையும் பழக்கிடணும் அண்ணி."

"அப்படி என்ன தலை போற அவசரம்?"

அவள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். நாத்தனாருக்கு அவள் பதில் தேவைப்படவும் இல்லை. தம்பி மனைவி தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது வீட்டுக்குள்ளேயே கேன்டீனில் கட்டிய துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கதவோரம் ஒரு பை வேறு தயாராக இருக்கிறது. பிள்ளையை யார் தலையிலாவது கட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பப் பார்க்கிறாள், இதுகூடவா புரியாது?

தம்பி சமையலறை வாசலில் நின்று பேந்தப் பேந்த விழித்தான். அவன் விரல்களில் இரண்டு கொப்புளங்கள், மேலே வெள்ளையாகக் களிம்பு.

"பட்டறையில வெல்டிங் வைக்கும்போது சுட்டுக்கிட்டியாடா?"

"ம்... ஆமாக்கா" என்றவன், மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

நாத்தனார் ஸ்பூனைப் பிடுங்கி, அந்தக் கேரட் மசியலைத் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! அடிபிடித்த வாடை. ஒரு பக்கம் உப்பே இல்லை, மறுபக்கம் உப்பைத் தவிர ஒன்றுமே இல்லை.

"கண்றாவி! ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்ட கையாடி இது? பெத்த பொண்ணுக்கு இதையா ஊட்டறே? நீயே தின்னு பாரு!"

அவள் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டாள். முகம் துளிகூடச் சுளிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல அண்ணி."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்கு மேல் நாத்தனாரால் சும்மா இருக்க முடியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கேரட்டைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் வதக்கி, பதமாக வேகவைத்து மசித்தாள். வாசனைக்கே வாண்டு அழுகையை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டியது.

"அத்தை கையால சாப்பிடுறியா கண்ணு?"

"ஆ..." என்று வாய் தானாகத் திறந்தது. இத்தனை நாள் கேரட்டைக் கண்டாலே ஓடிய குழந்தையா இது!

ஸ்பூன் உதட்டைத் தொடப்போகும் நேரம், அம்மா பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம் அண்ணி! அதைக் கொடுக்காதீங்க!"

"அடிப்பாவி! நீயெல்லாம் ஒரு தாயாடி?"

சத்தத்தில் மிரண்டுபோன வாண்டு அம்மாவின் மடியில் ஏறி, கைக்குக் கிடைத்த தலைத்துணியைப் பற்றிக்கொண்டது. துணி கையோடு வந்துவிட்டது. தலையில் ஒரு முடி இல்லை.

நாத்தனார் கதவோரம் இருந்த பையை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அதன் வாயில் ஆஸ்பத்திரி சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்போலேர்ந்துடி?"

"ஆறு மாசமா அண்ணி. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

தம்பி சுவரோடு சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"பாவி மகளே... உனக்கு முடியலைன்னா நீ செய்ய வேண்டாம்" என்று நாத்தனாரும் உடைந்துபோனாள். "நான் செஞ்சதையாவது குழந்தை ருசியா தின்னுட்டுப் போகட்டுமே. அதை ஏம்மா தட்டிவிட்டே?"

அவள் அடிபிடித்த கேரட்டிலேயே இன்னொரு ஸ்பூன் எடுத்தாள்.

"எங்க, குட்டி... ஆ..."

வாண்டு அம்மாவின் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தது. என்ன நினைத்ததோ, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. ஒருதரம் மூக்கைச் சுருக்கியது. பிறகு முழுங்கிவிட்டது.

அம்மா அதன் நெற்றியில் முத்தம் வைத்தாள். பென்சிலை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். அவன் கொப்புள விரல்களால் பதினான்காவது கோட்டைப் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"நான் இருக்கறப்பவே, அவ அப்பா சமையலுக்குப் பழகிடணும் அண்ணி."