பெல்ஜியம் ரெக்கார்டு

ஆபீஸ் நண்பர் கிறிஸ்துதாஸ் நீட்டிய பரிசுப் பொட்டலம் சதுரமாக, தட்டையாக இருந்தது. பிரிக்காமலே உள்ளே என்ன என்று நெடுமாறனுக்குத் தெரிந்துவிட்டது.

உழவர்கரையில் அன்று காலைதான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியிருந்தார்கள். ஹால் நிறைய சொந்தக்காரர்கள்.

"பிரி மாறா. உனக்குத்தான்" என்றார் கிறிஸ்துதாஸ்.

பிரித்தான். அதே பெல்ஜியம் ரெக்கார்டு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஐந்து பேர் சேர்ந்து, புளூஸ் ராக் பாணியில் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோன குழு. பேரைச் சொன்னால் பெல்ஜியத்திலேயே யாருக்கும் தெரியாது. நெடுமாறன் மாதிரி ரெக்கார்டு சேர்க்கிற பைத்தியங்களுக்கு மட்டும் தெரியும்.

"எனக்கு வேணாண்ணே. உங்க அண்ணன் பிரான்ஸ்லேருந்து கொண்டாந்தது. அவரு ஞாபகமா இது ஒண்ணுதானே இருக்கு?"

என்ன பெருந்தன்மை என்று கூட்டம் நினைத்திருக்கும். விஷயம் வேறு.

ஆறு மாதம் முன்பு "கேட்டுட்டுத் தரேண்ணே" என்று இதை வாங்கிப் போனவன், திருப்பிக் கொடுத்தது கவரை மட்டும்தான். உள்ளே வைத்தது ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கிடைத்த ஏதோ ஒரு வயலின் ரெக்கார்டு. இரண்டுக்கும் சிவப்பு லேபிள். அசல், இவன் பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் கிடந்தது.

கிறிஸ்துதாஸ் வீட்டு பிளேயரில் ஊசி போய்ப் பத்து வருஷம். கேட்காத மனுஷனுக்கு எந்த ரெக்கார்டாக இருந்தால் என்ன என்று நெடுமாறன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான்.

"வாங்கிக்கோ தம்பி" என்றார் கிறிஸ்துதாஸின் மனைவி ரோசா. "போன மாசம் எங்க மருமகன் பாரீஸ்லேருந்து ஊசி வாங்கியாந்து போட்டுக் குடுத்தாரு. அப்பக்கூட இவரு இதை மட்டும் போட வுடல. மாறனுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன், கீறல் வுழக்கூடாதுன்னுட்டாரு."

நெடுமாறனுக்குப் போன உயிர் வந்தது. நல்லவேளை, அவர் போட்டுக் கேட்கவில்லை.

வந்த உயிரை அவன் மனைவி கலைவாணி மறுபடி எடுத்தாள். "கையில வெச்சிக்கிட்டு நின்னா எப்படி? போடுங்க. அண்ணனும் அக்காவும் கேக்கட்டும்."

"கூட்டமா இருக்கு கலை. அப்புறம் பாத்துக்கலாம்."

"இந்த வீட்டுக்கு சாமி படம் வர்றதுக்கு முன்னாடியே உங்க பிளேயரைத்தானே கொண்டாந்து வெச்சீங்க. இப்ப என்ன வெக்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லை. ஊசியை வைத்தான். வயலின்கள் குழைந்து குழைந்து வாசிக்க ஆரம்பித்தன.

ரோசா நெற்றியைச் சுருக்கினார். "என்னங்க இது? நம்ம ரெக்கார்டுல எடுத்த எடுப்புலயே ஒருத்தன் மவுத்தார்கனை வெச்சிக்கிட்டு அழுவானே?"

நெடுமாறனுக்குக் காது மடல் சுட்டது. இருபது வருஷம் ஒரே ஆபீசில் பக்கத்து மேஜை. மகள் சுடர்விழி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கேட்பதற்கு முன்பே வந்து ரத்தம் கொடுத்த மனுஷன். அவர் வீட்டிலேயே கை வைத்தாயிற்று. இத்தனை பேர் முன்னால் அது இப்போது தெரியப்போகிறது. அவமானத்தில் தலை தரையைப் பார்த்தது.

"அது மறுபக்கம் ரோசா" என்றார் கிறிஸ்துதாஸ். "கேட்டுப் பத்து வருஷமாச்சு. மறந்துட்ட."

"அப்படியா?"

"ஆமா." அவரே எழுந்து போய் ஊசியைத் தூக்கினார். "போதும் மாறா. பந்தி போட்டாச்சாம். எல்லாரும் வாங்க."

பாயசம் வரை பரிமாறினார்கள். நெடுமாறனுக்கு எதுவும் இறங்கவில்லை.

ரோசாவுக்குக் கலைவாணி தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்த நேரம், கிறிஸ்துதாஸ் வெளியே ஸ்கூட்டரை எடுக்கப் போனார். நெடுமாறன் பின்னாலேயே ஓடினான்.

"அண்ணே, அது மறுபக்கம் இல்ல. நான்தான் மாத்தி வெச்சேன். அசல், உள்ள பீரோவுல இருக்கு. சொல்லவே அசிங்கமா இருக்குண்ணே. ஒரு நிமிஷம் இருங்க, எடுத்தாந்து தந்துடறேன்."

கிறிஸ்துதாஸ் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

"தெரியும். ஊசி வந்த வாரமே, ரோசா பூசைக்குப் போயிருந்தப்ப போட்டுப் பாத்தேன். அவகிட்ட சொல்லல."

"தெரிஞ்சுமா இதைக் கொண்டாந்து குடுத்தீங்க?"

"கவர் இல்லாம வெச்சிருப்பியே மாறா, ரெக்கார்டு வீணாப் போயிடுமேன்னுதான்."