மெர்லினுக்குப் போட்ட துளைகள்

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடத்தில், புதிதாக ஆட வந்த பத்து வயது மெர்லினின் விரல்களை அளந்து நீலப் பந்தில் துளையிட்டார்கள். பந்துக்கு வலித்தது.

"இனி நான் ஒருத்திக்கு மட்டும்தான்" என்றது நீலப் பந்து, பக்கத்திலிருந்த, யாரும் எடுத்து ஆடும் பொதுப் பந்திடம்.

மெர்லின் உருட்டியதெல்லாம் கட்டைகளைத் தொடாமல் ஓரப் பள்ளத்தில் விழுந்தது. பந்தை அங்கேயே விட்டுவிட்டு, வருவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். யார் விரலும் நுழையவில்லை.

"துளையை அடைத்து வேறு கைக்குப் போடுவார்கள். சம்மதியேன்" என்றது பொதுப் பந்து.

"அவள் வந்தால்?"

பல வருஷம் கழித்து வந்தாள். நீலப் பந்தைத்தான் முதலில் தூக்கினாள். கட்டைவிரல் நுழையவில்லை.

"இதையா எனக்குச் செய்தார்கள்?" என்று சிரித்து, அதை வைத்துவிட்டுப் பொதுப் பந்தை எடுத்தாள்.

"நான் அவளைக் கூப்பிடவில்லை" என்றது பொதுப் பந்து.

"தெரியும்" என்றது நீலப் பந்து.