நாலு நல்ல வார்த்தை

“யாருக்கும் பயப்படாதவனுக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரு, ரோசம்மா?”

“பிரேவ்.”

சாமிக்கண்ணு மேஸ்திரி அதை வாய்க்குள் போட்டு மென்று பார்த்தார். நாக்கு புரள மறுத்தது.

மடுகரையில் பிறந்தவருக்கு ‘போன்ழூர்’ தெரியும், ‘மெர்சி’ தெரியும். பிரெஞ்சுக்காரன் சீமையில் பிழைக்க அது போதும். ஆனால் அவர் பிழைப்பு வாய்க்காலுக்கு அந்தாண்டை, இங்கிலீஷ்காரன் எல்லையில் இருந்த சர்க்கரை ஆலையில் அல்லவா மாட்டிக்கொண்டது! கரும்பு வண்டியிலிருந்து பாரம் இறக்க எட்டு ஆட்கள். அவர்களுக்கு இவர் மேஸ்திரி.

வியாழக்கிழமை ஆலைக் குமாஸ்தா தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். இனிமேல் நாலு பேர் போதுமாம். யார் இருப்பது, யார் போவது என்று திங்கட்கிழமை துரையே முடிவு செய்வாராம். துரை ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க, அந்த ஆளின் குணம் எப்படி என்று மேஸ்திரி ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டுமாம். குமாஸ்தா அன்றைக்கு லீவு. துரைக்கோ சுட்டுப் போட்டாலும் தமிழ் வராது.

எட்டு பேரில் ஒருவன் குழந்தைவேல், மேஸ்திரியின் மருமகன். மகள் அம்சவள்ளிக்கு இது ஏழாம் மாதம். இந்தக் கூலி போனால் அவர்கள் வீட்டில் உலை ஏறாது.

ஊரில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் ரோசம்மாள் ஒருத்திதான். கடலூரில் ஒரு துரைசானி வீட்டில் பதினோரு வருஷம் பிள்ளை வளர்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் காதால் கேட்டதுதான். வேலையாட்களை மெச்சவும் திட்டவும் துரைசானி என்னென்ன சொன்னாளோ, அத்தனையும் இவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இவள் மகன் அந்தோணிசாமியும் அந்த எட்டு பேரில் ஒருவன்.

நல்ல வார்த்தை நாலும் முதல் நாளே தேறிவிட்டன. மருமகன் ‘பிரேவ்’. அதில் பொய்யில்லை; எடை போடுகிறவன் தராசில் கை வைத்தபோது தட்டிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். முகத்துக்கு நேராகப் பேசும் பலராமன் ‘போல்ட்’. ஒரு சொல் பொறுக்காத ரோஷக்காரன் நாகராஜன் ‘ப்ரவுட்’. எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற செல்லக்கண்ணு ‘க்ளவர்’.

கெட்ட குணத்துக்கு வந்தபோதுதான் வண்டி குடை சாய்ந்தது. ‘ஸ்டுபிட்’, ‘டல்’, ‘ஷை’ என்று மூன்று பேரை மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கிவிட்டார். மிச்சமிருந்தது அந்தோணிசாமி. உன் பிள்ளை பிழைப்பைக் கெடுக்க ஒரு வார்த்தை சொல்லிக் கொடு என்று பெற்றவளிடமே எந்த வாயால் கேட்பது?

சனிக்கிழமை முழுக்க மனுஷன் ஓரிடத்தில் உட்காரவில்லை. களத்துமேட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கால் தேய்ந்தது. சோற்றில் கையை வைத்துக்கொண்டு “ப்ரவுட், போல்ட்” என்று முணுமுணுத்தார். பிரசவத்துக்கு வந்திருந்த அம்சவள்ளி, அப்பாவுக்குக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ரோசம்மாள் தானாகவே பேச்சை எடுத்தாள்.

“எம் புள்ளைக்கு ‘கவர்ட்’னு சொல்லிடுங்க, மேஸ்திரி. பயந்தாங்கொள்ளின்னு அர்த்தம்.”

“பெத்தவ பேசுற பேச்சா இது?”

“உள்ளதத்தான சொல்றேன். பக்கத்துல ஒருத்தன் பலமா தும்முனாலே அவன் சுருண்டுக்குவான்.”

மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷியா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தோணிக்கு வேறு வேலை பார்த்துக் கொடுப்பது தன் பொறுப்பு என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை துரை பெயர்களைப் படித்தார். மேஸ்திரி ஒன்றுகூடப் பிசகாமல் எட்டு வார்த்தையும் சொன்னார். ‘பிரேவ்’ என்பதை மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொஞ்சம் உரக்கவே சொன்னார். துரை தலையாட்டிக்கொண்டே பேனாவால் நாலு பெயரை அடித்தார்.

சற்று நேரத்தில் வாட்ச்மேன் வாசலுக்கு வந்து அந்த நாலு பெயரைச் சொன்னான். குழந்தைவேல், பலராமன், நாகராஜன், செல்லக்கண்ணு நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

நீ காதில் தப்பாக வாங்கிக்கொண்டு வந்தாய் என்று மேஸ்திரி அவனோடு சண்டைக்குப் போனார். வாட்ச்மேன் அவரை ஓரமாக இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னான். புதுச்சேரி மில்லில் கூலிக்காரர்கள் வேலையை நிறுத்தியதிலிருந்து துரைக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. எதிர்த்துக் கேட்கிறவனோ விவரம் தெரிந்தவனோ ஒருத்தனும் இங்கே இருக்கக் கூடாது என்றுதான் இந்த ஆட்குறைப்பே.

மேஸ்திரி வாய்க்காலைத் தாண்டி ரோசம்மாள் வீட்டுக்கு ஓடினார். என் வாயாலேயே என் மகள் குடியைக் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மகன் மறுநாள் வேலைக்கு எடுத்துப் போக, அவள் கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முகத்தில் ஆச்சரியமும் இல்லை. மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது.

“உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“பதினோரு வருஷம் அவங்க வூட்ல இருந்தவளுக்குத் தெரியாதா? எதுத்துப் பேசின ஆளு ஒருத்தராவது அங்க ஒரு மாசம் நெலைச்சதில்ல.”

“அடிப்பாவி, அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா ‘கவர்ட்’ட உங்க மருமவனுக்குக் குடுத்துட்டு, ‘பிரேவ்’வ எம் புள்ள தலையில கட்டியிருப்பீங்களே, மேஸ்திரி.”