தாயில் இல்லாத பேர்

“அண்ணா, உங்க பேரு போயிடுச்சு,” என்றாள் தனம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏசுபாதம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “சரியா பாரு.”

“பாத்துட்டேன். தாம்பரத்துல இல்ல. அதனால இங்கயும் அழிச்சிடுச்சு.”

திருமுடிவாக்கத்தில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றின் மாடி அறை அது. அந்தக் கம்பெனிக்குச் சரக்குக் கணக்கு புரோகிராம் எழுதித் தருவதற்காக, தாம்பரத்தில் சின்னதாகக் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் சம்பந்தம் இவர்கள் இருவரையும் இங்கே உட்கார வைத்திருந்தார். முழு புரோகிராமும் தாம்பரத்து மெஷினில் இருந்தது. அதற்குத் ‘தாய்’ என்று பேர். அதிலிருந்து ஆளுக்கொரு நகல் பிரித்து, தங்கள் பேரை வைத்து, அதில்தான் வேலை செய்வார்கள். அது ‘கிளை’. தினமும் காலையில் இங்குள்ள கம்ப்யூட்டர் டெலிபோன் லைன் வழியாகத் தாம்பரத்தைக் கூப்பிட்டு, தன்னை அதைப் போலவே ஆக்கிக்கொள்ளும். அங்கே வந்தது இங்கேயும் வரும். அங்கே அழித்தது இங்கேயும் அழியும்.

கிளை அழிந்தால் என்ன அர்த்தம் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ஜெயவேலு வேலையை விட்டுச் சிங்கப்பூர் போனபோது, சம்பந்தம் முதல் காரியமாக அவன் கிளையைத்தான் துடைத்தார். பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் காலையில் சிட்டிபாபுவின் கிளையைக் காணோம். சிட்டிபாபு யாரிடமும் பேசாமல் தாம்பரத்துக்கு பஸ் ஏறியவன், திரும்பி வரவே இல்லை. அவன் செய்த வேலை மட்டும் தாயில் பத்திரமாக இருந்தது. வேலையை வாங்கிக்கொண்டு ஆளைக் கழற்றிவிட்டார் மனுஷன் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சம்பந்தத்திடம் போய் யாரும் கேட்கவில்லை. அவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான்.

“தாய்ல பாரு. நான் எழுதின எக்சைஸ் வரிக் கணக்கு இருக்குதா?” என்று கேட்டான் ஏசுபாதம்.

தனம் தேடினாள். “முழுசா இருக்குதுண்ணா. ஒரு வரி விடல.”

சிட்டிபாபுவுக்கு நடந்தது அப்படியே நடக்கிறது. போன வாரம் சம்பந்தம் வந்து, எத்தனை நாளைக்கு உன் கிளையையே கட்டிக்கொண்டு அழுவாய் என்று கேட்டதும், அவசரப்படுத்தினால் வேலை உருப்படாது சார் என்று இவன் வெடுக்கென்று சொன்னதும் நினைவுக்கு வந்தன. நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். கீழ்க்கட்டளையில் வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. கூரையே இல்லாத அந்த வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை என்பதுவரை அவன் மனைவி ஞானம்மாள் முடிவு செய்துவிட்டாள். அவளிடம் போய் என்ன சொல்வது?

போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றாள் தனம்.

“கேட்டு? போடான்னு அவர் வாயால வேற சொல்லணுமா?”

அவளுக்கு மனசு ஆறவில்லை. லைனில் ஏதாவது கோளாறாக இருக்கலாம் என்று திரும்பத் திரும்பக் கம்ப்யூட்டரைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மோடம் கீச்சென்று கத்திக் கத்தி ஓய்ந்தது. ஒவ்வொரு தடவையும் தாம்பரம் அதே பதிலைத்தான் சொன்னது.

ஏசுபாதம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ராஜினாமா எழுதினான். அவராகத் துரத்துவதற்கு முன் நாமாகப் போய்விட்டால், அனுபவச் சான்றிதழாவது கௌரவமாகக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வேறு எங்கேயாவது பிழைத்துக்கொள்ளலாம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல்லாவரம் பஸ்ஸில் ஏறினான். பம்மல் வழியெல்லாம் மனதுக்குள் சம்பந்தத்தைத் திட்டித் தீர்த்தான். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறியபோது கோபம் வடிந்து பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

சம்பந்தம் ஆபீஸில் தனியாக உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும், “காலைலேர்ந்து போன் போட்டுகினே கீறேன். உங்க லைன் எப்போ பாத்தாலும் எங்கேஜ்டு,” என்றார்.

போனிலேயே சீட்டைக் கிழித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஏசுபாதம் பையில் கைவிட்டான். “நானே வந்துட்டேன் சார். நீங்க சங்கடப்பட வேணாம்னு…”

“மொதல்ல உக்காரு. உன் வேலைய நேத்து தாய்ல சேத்துட்டேன். நல்லா பண்ணிகீற. இனிமே எல்லாரும் அதுலதான் எழுதணும்.”

“என் கிளை சார்?”

“அதான் சேத்தாச்சே, அப்புறம் தனியா எதுக்கு? இருந்தா எவனாவது தெரியாம பழசுல எழுதித் தொலைப்பான். எடுத்துட்டேன். வண்டலூர்ல ஒரு புது கம்பெனி வருது. அவங்க வேலைக்கு நீதான் ஹெட். புதுசா கிளை பிரிச்சிக்க.”

ஏசுபாதத்துக்கு உடம்பெல்லாம் லேசானது. கீழ்க்கட்டளை வீட்டுக்கு அந்த நிமிஷமே கூரை போட்டாகிவிட்டது போல இருந்தது. பையிலிருந்து வெறுங்கையை மெல்ல வெளியே எடுத்தான். சேர்த்ததை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார் என்று கேட்டதற்கு, சேர்த்ததற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இவ்வளவு பேசுகிறாரே, இதையும் கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது.

“அப்போ சிட்டிபாபுவை ஏன் சார் அனுப்பிட்டீங்க?”

“நான் எங்க அனுப்பிச்சேன்?” என்றார் சம்பந்தம். “அவன் வேலையயும் இதே மாதிரிதான் நல்லா கீதேன்னு தாய்ல சேத்தேன். மறுநாள் காலைல ராஜினாமாவ நீட்டிகினு எதிர்ல வந்து நிக்கிறான். ஏன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.”