உடும்புவீரன் கையை விட்டானா?

“அவனைக் கொலைகாரன் ஆக்கிட்டீங்களே, மேடம்! உங்களுக்கே இது நியாயமா இருக்கா?”

பல் டாக்டர் புது இதழை மேசைமேல் ஓங்கிப் போட்டார். மசிப்புட்டி ஆடியது. எதிரே இருந்த அம்மாள் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, தூரிகையைத் துணியில் துடைத்தாள்.

உடும்புவீரன் படக்கதையை எழுதி வரைவது யாரென்று இத்தனை வருஷமாக ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. யாரோ முரட்டு மீசைக்காரர் என்றே டாக்டர் நினைத்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நரைத்த தலை கதவைத் திறந்ததும் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். ஆனாலும் கோபம் கோபம்தான். கன்னம் வீங்கி வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறாரே!

“உக்காருங்க தம்பி. எல்லாரும்தான் திட்டுறாங்க.”

“திட்டாம என்ன செய்வாங்க? வில்லனோட தங்கச்சியைத் திடீர்னு அக்கா ஆக்குனீங்க. செத்துப்போன புரொபசர் ஒரு நாள் பல் விளக்கிக்கிட்டே மாடிப்படி இறங்கி வந்தாரு. உங்க கதையில ஒருத்தர் கையிலகூட வாட்ச் கிடையாது, மணி என்னன்னு கேட்டா சூரியனைப் பார்க்கிறாங்க. அதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே பொறுத்துக்கிட்டோம். முதல் கதையிலயே கை வைக்கலாமா?”

அந்த முதல் கதை ரசிகர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். கல்குவாரி விளிம்பில் இரண்டு சிறுவர்கள். ஒருவன் சறுக்குகிறான், மற்றவன் தாவி அவன் கையைப் பிடிக்கிறான், பிடி வழுக்கிவிடுகிறது. கீழே தண்ணீர். யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடுகிற அந்தப் பையன்தான், இனிப் பிடித்த கையை விடுவதில்லை என்று சபதம் போட்டு உடும்புவீரன் ஆகிறான்.

புது இதழில் கதை அப்படியே தலைகீழ். பிடி வழுக்கவில்லையாம். தன்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயந்து, அவனே விரல்களைப் பிரித்துவிட்டானாம்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கத்தைப் படித்த பிறகுதான் அவருக்கு ஒழுங்காகத் தூக்கமே வந்தது. இன்றைக்கும் அது பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. நம்ம கல்யாண போட்டோவுக்குக்கூட இந்த மரியாதை இல்லை என்று அவர் மனைவி அடிக்கடி இடித்துக்காட்டுவாள்.

“எதுக்கு மாத்துனீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“சந்தேகம் வந்துடுச்சு தம்பி. நிஜமாவே வழுக்கியிருந்தா, கத்தி ஊரைக் கூட்டியிருப்பானே? ஏன் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு ஓடினான்?”

“சின்னப் பையன், மேடம்! பயந்துட்டான்! இதுகூடவா புரியல?” டாக்டர் மேசையைத் தட்டினார்.

அம்மாள் அவரையே பார்த்தாள். “ஆயிரம் பேர் பத்திரிகை ஆபீசுக்குப் போன் பண்ணித் திட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் அழுதீங்களாம். அதான் உங்களை மட்டும் வரச் சொன்னேன்.”

டாக்டருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ரசிகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

“சரி, பழையபடியே மாத்திடுறேன். பிடி விட்டுப்போனது அவன் தப்பு இல்லன்னு அடுத்த இதழ்லயே போட்டுடலாம்.” அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினாள். “ஆனா, யாரும் திரும்பக் கேள்வி கேக்காத மாதிரி இருக்கணும். எப்படி நடந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.”

இந்த பாக்கியம் எந்த ரசிகனுக்குக் கிடைக்கும்? டாக்டர் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் குப்புறப் படுத்தார். வலது கையை நாற்காலிக்கு அடியில் நீட்டினார்.

“இப்படித்தான் படுத்திருந்தான். விரலைப் பிடிக்கல, மணிக்கட்டைப் பிடிச்சான். உடும்பு மாதிரிதான் பிடிச்சான், மேடம். அந்த நீல வார் பட்டுனு அறுந்துபோச்சு. வாட்ச் மட்டும் இவன் கையோட வந்துடுச்சு, அவன் போயிட்டான். இவன் மேல தப்பே கிடையாது.”

பென்சில் நின்றது. “வார் அறுந்துடுச்சா?”

“ஆமா மேடம். அதை அப்படியே வரைங்க. அப்புறம் எவன் வாயைத் திறக்கிறான்னு பார்ப்போம்!”

டாக்டருக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. தன் உடும்புவீரனைக் காப்பாற்றிவிட்டார். படுத்தபடியே தலையைத் தூக்கிச் சிரித்தார்.

அம்மாள் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து, குனிந்து அவர் முகத்துக்கு நேராகத் தரையில் வைத்தாள். சிறுவர்கள் கட்டுகிற சின்ன வாட்ச். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மங்கியிருந்தது. நீல வார் முழுசாக இருந்தது, கொக்கிகூடக் கழன்றிருக்கவில்லை.

டாக்டரின் நீட்டிய கை நீட்டியபடியே கிடந்தது.

“என் பையனைத் தண்ணியிலேருந்து எடுத்தப்போ, இது அவன் கையிலேயேதான் இருந்துச்சு, தம்பி.”