மருந்து கேட்டது

அவள் சிரிப்பது தெருமுனைக்கே கேட்டது.

அவன் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.

மில்லில் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. வெயில் கொளுத்தியது. பக்கத்து வீட்டு மதில் மேலும் எதிர் வீட்டுக் கொடியிலும் அவன் வீட்டுத் துணிகள்தாம் காய்ந்தன. போர்வைகள், தலையணை உறைகள், ஜன்னல் திரைகள். நேற்றுத் துவைத்துக் காய்ந்த சேலைகள் இன்று மறுபடி நனைந்து தொங்கின.

எதிர் வீட்டம்மா வாசலுக்கு வந்தாள்.

"மருந்து நல்லாக் கேட்டிருக்கு தம்பி. செம்பகம் பழையபடி ஆயிட்டா."

அவன் தலையாட்டினான்.

ஏழு மாதம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குளிக்க எழுப்பினால் அழுவாள். அவன் பிசைந்து வைத்த சோறு தட்டிலேயே காய்ந்து போகும். மாத்திரை ஆரம்பித்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள்.

சமையலறையில் பெரிய வாணலி நிறைய எண்ணெய் கொதித்தது. அண்டா, குண்டான், குளிக்கும் வாளி எல்லாவற்றிலும் முறுக்கு.

"வந்துட்டீங்களா? கேளுங்க, மாடியில டியூசன் ஆரம்பிக்கப் போறேன். நூறு பிள்ளைங்க. இல்ல, இருநூறு. எதுக்கு டியூசன், ஸ்கூலே கட்டிருவோம். கலெக்டரு நம்பர் கேட்டிருக்கேன். இந்தாங்க, வாயத் தொறங்க."

முறுக்கை அவன் வாயில் திணித்துவிட்டு மறுபடி சிரித்தாள். கண்கள் பளபளத்தன. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடிக்கக்கூட அவள் நிற்கவில்லை என்று தோன்றியது.

மூன்று நாளாக அவள் தூங்கவில்லை. ஏழு மாதம் படுத்தது போதாதா என்று நினைத்து அவனும் சந்தோஷப்பட்டான்.

மகள் எழுந்துவிட்டாள் என்று கேட்டு, மதிய பஸ்ஸில் மாமியார் வந்திருந்தாள். சமையலறை வாசலில் நின்றாள். கையில் பிடித்த பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

மாமியார் சிரிக்கவில்லை.

"மாப்ள, கொஞ்சம் பின்னால வாங்க."

கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"எங்கக்காவும் இப்பிடித்தான் இருந்தா."

செம்பகத்தின் அந்தப் பெரியம்மாவை அவன் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே மஞ்சள்காமாலையில் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

"மஞ்சக்காமாலை இல்ல, மாப்ள."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு வருஷம் அக்கா படுத்தே கிடந்தாள். ஒரு நாள் தானாக எழுந்தாள். பாடினாள். வீடு முழுக்கக் கழுவினாள். ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டாள். குணமாகிவிட்டது என்று வீட்டில் பொங்கல் வைத்தார்கள்.

"ஒம்பது நாளு. பத்தாம் நாளு அவள யாராலயும் பிடிச்சு நிறுத்த முடியல."

அன்றைக்கே அக்கா போய்விட்டாள்.

மாத்திரை எழுதும் முன் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை கேட்டது அவனுக்கு நினைவு வந்தது. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா? இதற்கு நேர்மாறாக, தூக்கமில்லாமல், அளவில்லாத உற்சாகமாக? எந்த மாத்திரை கொடுப்பது என்பதே நீங்கள் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது என்றார்.

எங்க வகையறாவுல அப்படி யாரும் இல்லம்மா என்று பக்கத்து நாற்காலியிலிருந்து மாமியார்தான் பதில் சொன்னாள்.

"அன்னிக்குக் கேட்டாங்களே, அத்தை."

"சின்னவளுக்குப் பூ வச்சு நிச்சயம் பண்ண அந்த வாரம்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதா இருந்தாங்க."

அவனுக்குக் கோபம் வரவில்லை. டாக்டருக்குப் போன் போட்டான்.

டாக்டர் அவனைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"இனி அந்த மாத்திரை ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க. வர்ற வரைக்கும் ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க."

அவன் ஓடிப் போய் அடுப்பை அணைத்தான்.

"எங்க போறோம்?"

"டாக்டரப் பாத்துட்டு வருவோம்."

அவள் முகம் மலர்ந்தது. கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கென்று ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு எடுத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். அவன் மேல் சாய்ந்து வெளியே தலையை நீட்டி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள்.

"எனக்குச் சரியாப் போச்சு!"

பூக்கடைக்காரர் கும்பிட்டார். யாரோ கையசைத்தார்கள்.

மாமியார் மகளின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

பாலம் இறங்கும்போது அவள் பேச்சு சட்டென்று நின்றது. அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த மாத்திரைய நிறுத்திற மாட்டாங்கல்ல?"

அவன் ரோட்டைப் பார்த்தான்.

"திரும்ப அந்தச் சுவத்துப் பக்கம் போய்ப் படுக்க என்னால முடியாதுங்க."

"நிறுத்த மாட்டாங்க" என்றான்.

அவள் நம்பினாள். மறுபடி பாட ஆரம்பித்தாள்.

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பி நின்றது. அவன் மெல்ல இறங்கி வழிவிட்டான்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அவனைத் தாண்டி விறுவிறுவென்று படியேறினாள். பிடித்த கையை விடாமல் அம்மா பின்னால் ஓடினாள்.