ஆறாவது கையெழுத்து

கணினி வரலாறு ஆராய்கிறவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்று இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானும் ரோச்சும் அதில் இருக்கிறோம். அந்தத் துறைமுகத்துக்குக் கணினி வாங்கலாமா என்று 1968-இல் போட்ட ரகசியக் கோப்பு ஒன்றை டெல்லி ஆவணக் காப்பகம் இப்போதுதான் வெளியே விட்டது. ரோச் டெல்லிக்குப் போய் ஸ்கேன் எடுத்து வந்து குழுவில் பகிர்ந்தார்.

ரகசியக் கோப்பை வாங்குகிறவர் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டு, வாங்கிய தேதியையும் திருப்பிய தேதியையும் எழுத வேண்டும். ஆறு கையெழுத்துகள் இருந்தன. ஆறாவது என்னுடையது; வாங்கிய தேதி 1968. 1968-இல் நான் ஸ்ரீவைகுண்டத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். போன வருஷம் கதவில் கட்டைவிரல் நசுங்கிய பிறகுதான் என் கையெழுத்தின் வால் கோணியது. கோப்பிலும் அப்படியே கோணியிருந்தது. திருப்பிய தேதி மட்டும் எழுதவில்லை.

ரோச் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வேய் நயினார், ஒம்ம குசும்புக்கு அளவில்லையா? ஸ்கேன்ல ஒம்ம கையெழுத்தைப் பார்த்துட்டு, நான் போலி ஆவணம் போட்டேன்னு குழுவை விட்டுத் தூக்கப் போறாங்க.”

“அசலைக் காட்டும்வே.”

“டெல்லிக்குப் போன் போட்டாச்சு. கோப்பையே காணோமாம். நீரு திருப்பித் தரலையாம்லா!”

தேடிப் பார்க்கட்டும் என்று சிரித்துக்கொண்டே என் பீரோவைத் திறந்து விட்டேன். ரோச் ஸ்டூலில் ஏறி மேல்தட்டைப் பார்த்தார். பத்து வருஷமாக யாரும் கை வைக்காத தட்டு. நானும் எட்டிப் பார்த்தேன். தூசி விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. நடுவில், ஒரு கோப்பின் அளவுக்கு மட்டும், தூசியே இல்லை.